குளித்துத் தலை துவட்டிய பிறகு ஏழு மாதம் தவணை: பிலிப்பைன்ஸ் வீட்டுக் கணக்கு யாருக்காவது விளங்குகிறதா?

மரிக்கினா மருமகன் எழுதியது:

கும்பகோணத்தில் பிறந்து, மணிலாவுக்குக் கிழக்கே மரிக்கினாவில் பெண் எடுத்தவன் நான். பதினோரு ஆண்டுகள் ஓடிவிட்டன. காலையில் பூண்டுச் சோற்றோடு பொரித்த கருவாடு தின்பதில் இருந்து கல்லறைத் திருநாள் வரை எல்லாவற்றிலும் எனக்கும் என் மனைவிக்கும் சமாதானம் ஏற்பட்டுவிட்டது. பணம் ஒன்றில்தான் இன்னும் வழக்கு முடியவில்லை. வயிற்றெரிச்சலை இங்கே கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து பலுவாகன் போடுகிறார்கள். நம் ஊர்க் குலுக்கல் சீட்டுக்குத் தங்கை முறை. ஆளுக்கு மாதம் 2,000 பெசோ. மாதம் ஒருவர் கைக்கு 24,000 போகும். ஜனவரியிலேயே துண்டுத் தாளில் எண் எழுதிக் குலுக்கி, யாருக்கு எந்த மாதம் என்று வரிசை போட்டுவிடுவார்கள். 2,000 என்பது இங்கே விளையாட்டுக் காசு இல்லை. மணிலா வட்டாரத்தின் குறைந்தபட்ச நாட்கூலியை 2025 ஜூலையில் 695 பெசோவாக உயர்த்தினார்கள். அந்தக் கூலிக்காரருக்கு இது கிட்டத்தட்ட மூன்று நாள் வேலை.

என் மனைவிக்கு இந்த ஆண்டு ஐந்தாம் எண். மே மாதம் பணம் வந்தது. எங்கள் ஃப்ரிட்ஜ் இரண்டு ஆண்டாக இருமிக்கொண்டிருக்கிறது. நான் மனத்துக்குள்ளேயே கடைக்குப் போய், நிறம்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அவள் பான்சோலுக்குப் போகலாம் என்றாள்.

பான்சோல் தெரியாதவர்களுக்கு: லகுனா மாகாணத்தின் கலம்பாவில், மகிலிங் மலையடிவாரத்தில் இருக்கிறது. மலையின் சூட்டில் வெந்நீர் ஊறும் இடம். வீட்டோடு நீச்சல் குளம் கட்டி, பகலுக்கு ஒரு வாடகை, இரவுக்கு ஒரு வாடகை என்று விடுகிறார்கள். நாங்கள் எடுத்த வீடு 12,000. ஆட்களை ஏற்றிப்போக ஜீப்னி என்ற நீள ஜீப் வண்டிக்கு 4,500. பன்றி இறைச்சி, திலாப்பியா மீன், அரிசி, பனிக்கட்டி, அடுப்புக்கரி எல்லாம் சேர்த்து 5,800. ஆக 22,300. போனவர்கள் 23 பேர். அதில் நானும் மனைவியும் மகளும் மூன்று. மற்ற இருபது பேர் எப்படி வந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். மிஞ்சிய 1,700 பெசோவுக்கும் வருகிற வழியில் இளந்தேங்காய் வைத்துச் சுட்ட ‘புக்கோ பை’ வாங்கினாள். வர முடியாதவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதாம். அதற்குப் பெயர் பசலுபோங். ஊருக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது இவர்களுடைய பத்துக் கட்டளைகளில் பதினொன்றாவது.

ஃப்ரிட்ஜ் இன்னும் இருமுகிறது. டிசம்பர் வரை இன்னும் ஏழு மாதம் பலுவாகன் கட்ட வேண்டும். குளித்துத் தலை துவட்டிய பிறகு ஏழு மாதம் தவணை கட்டுகிற குடும்பம் வேறெங்காவது உண்டா? தப்பு அவள்மேலா, என்மேலா?


ஓர்ட்டிகாஸ் புதியவன் எழுதியது:

இருவர் மேலும்தான் சார்.

நான் வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அலுவலகத்தில் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். சம்பளம் மாதத்தில் இரண்டு தடவை, 15ஆம் தேதியும் 30ஆம் தேதியும். 16ஆம் தேதி மொத்தப் பிரிவும் கோழி வறுவலும் பால் தேநீருமாகக் கொண்டாடும். 27, 28 தேதிகளில் அதே ஆட்கள் வெந்நீர் ஊற்றிய நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கடைசி நாட்களுக்கு ‘பெட்சா தே பெலிக்ரோ’, அதாவது ஆபத்தான தேதிகள் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நோய்க்குச் செல்லப்பெயர் வைத்துவிட்டால் மருந்து தேடத் தோன்றாது.

வட்டி இல்லாத சீட்டில் பணத்தை முடக்கி, அதையும் ஒரே நாளில் தண்ணீரில் கரைப்பதைச் சேமிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.


மகாட்டிக்காரி எழுதியது:

மருமகன் அண்ணா, முதலில் அந்தக் குளத்தைப் பற்றிச் சொல்லுங்கள். மாமியார் இறங்கினார்களா?


மரிக்கினா மருமகன் எழுதியது:

இறங்கினாராவது. காலை எட்டரைக்கு உள்ளே போனவர், பூப்போட்ட வீட்டு அங்கியோடு வெந்நீரில் உட்கார்ந்தார். கழுத்துக்கு மேல் தலை, தலைக்கு மேல் ஒரு துண்டு, கையில் காப்பிக் கோப்பை. பன்னிரண்டு மணிக்குச் சோற்றுக்கு எழுந்தார். இங்கே யாரும் நீச்சல் உடை தேடுவதில்லை. ஏதோ தேர்தலில் யாரோ கொடுத்த சட்டைதான் எல்லார் மேலும். நிற்பவர், வென்றவர், தோற்றவர் என்று ஒரு சட்டசபையே குளத்தில் மிதந்தது.

சாப்பாடு நீள மேசையில். வாழை இலைகளைப் பாய்போல விரித்து, நடுவே சோற்றை வரப்பு மாதிரி கொட்டி, இரு பக்கமும் கரியில் வாட்டிய இறைச்சி, வயிற்றில் தக்காளி வெங்காயம் திணித்துச் சுட்ட மீன், உப்பு முட்டை, மாங்காய்த் துண்டு. எல்லாரும் நின்றுகொண்டே கையால் தின்றார்கள். வாழை இலையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது உண்மை. பிறகு மைக்கைப் பிடித்தார்கள். வாடகை வீட்டில் பாட்டுப் பெட்டி இல்லை என்றால் இவர்கள் அந்த வீட்டை எடுக்கவே மாட்டார்கள். நாலரைக்கு வீட்டுக்காரரின் ஆள் வந்து கடிகாரத்தைக் காட்டினார். அவர் கையிலும் ஒரு தட்டுச் சோற்றைக் கொடுத்து இன்னும் இரண்டு பாட்டுப் பாடினார்கள்.


தவாவ் பழைய மாணவி எழுதியது:

நான் தவாவில் மருத்துவம் படித்தவள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கும் ஊர் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் தங்கியிருந்த வீட்டு லோலா, அதாவது பாட்டி, முன்னறையில் சாரி-சாரி என்ற சில்லறைக் கடை வைத்திருந்தார். ஜன்னல் முழுக்கக் கம்பி வலை, அதில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் தெருவின் முழுப் பொருளாதாரமும் நடந்தது.

புதியவன் தம்பிக்கு அந்தக் கடையைக் காட்ட வேண்டும். சிகரெட் ஒன்று. பூண்டு ஒரு தலை. சமையல் எண்ணெய் கால் கோப்பை, பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டது. ஷாம்பூ, காப்பித்தூள், சோயா சாறு எல்லாம் சரம் சரமாகத் தொங்கும் பொட்டலங்கள். இப்படிச் சில்லறையாக வாங்குவதை ‘திங்கி’ என்பார்கள். முதல் ஆண்டு எனக்கு அறிவு அதிகம் அல்லவா, ஒரு நாள் லோலாவிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன்: புட்டியாக வாங்கினால் ஒரு வேளை ஷாம்பூ எவ்வளவு மலிவு, பொட்டலத்தில் எவ்வளவு நஷ்டம் என்று. பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “புட்டி வாங்கிக் குளியலறையில் வைத்தால் அது எல்லாருடைய ஷாம்பூ. பொட்டலம் என் தலைக்கு மட்டும்.”

என் கணக்கில் அந்த வீட்டில் வசித்த பதினோரு பேர் இல்லவே இல்லை.

கடையில் ஒரு அட்டை தொங்கியது: இன்று கடன் கிடையாது, நாளை உண்டு. நம் பெட்டிக்கடைகளில் பார்த்த அதே வாசகம். அட்டைக்குப் பின்னாலேயே கடன் நோட்டு. 15ஆம் தேதி மாலையில் நோட்டில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டு வருவார், 20ஆம் தேதிக்குள் அதே பெயர்கள் மறுபடியும் ஏறிவிடும்.


மதுரைச் சீட்டு எழுதியது:

இருபது ஆண்டாகச் சீட்டோடு வாழ்கிறவன், கேட்காமல் இருக்க முடியவில்லை. பலுவாகனில் ஏலம் இல்லை, தள்ளு இல்லை போலிருக்கிறது. அப்படியானால் முதலில் எடுக்கிறவனுக்கு வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுக்கிறவனுக்கு வட்டியில்லாச் சேமிப்பு. இரண்டாம் மாதம் 24,000 வாங்கிக்கொண்டு ஒருவன் ஊரைவிட்டே போய்விட்டால்? பத்திரம், ஜாமீன் ஏதாவது உண்டா?


மரிக்கினா மருமகன் எழுதியது:

பத்திரமும் இல்லை, ஜாமீனும் இல்லை. ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் இருக்கிறது. அதில் பன்னிரண்டு பெயரும் பன்னிரண்டு மாதமும். நடத்துகிறவர் என் மாமியார். ஒன்றாம் எண் அவருக்கு. அதுதான் அவருடைய கூலி. மற்ற எண்களைக் குலுக்குவார்கள் என்று சொன்னேன், அதில் ஒரு சின்னத் திருத்தம். புதிதாகச் சேருகிறவர் பெயர் குலுக்கலுக்கே போகாது. அவருக்குப் பன்னிரண்டாம் எண்தான். ஒரு முழு ஆண்டு ஒழுங்காகக் கட்டிக் காட்டினால் அடுத்த ஆண்டு குலுக்கலில் இடம். நீங்கள் கேட்ட ஜாமீன் இதுதான் போலிருக்கிறது.

இணையத்தில் முகம் தெரியாதவர்களைச் சேர்த்து, முதல் எண்ணுக்கு ஒரு விலை, கடைசி எண்ணுக்கு ஒரு லாபம் என்று விற்கிற பலுவாகன்களும் இருக்கின்றன. அவை சீட்டு அல்ல, தூண்டில். இந்நாட்டுப் பங்குப் பரிவர்த்தனை ஆணையமே மக்களை எச்சரித்திருக்கிறது. என் மைத்துனி ஒன்றில் பணம் போட்டு, நடத்தியவரின் பக்கம் ஒரே இரவில் காணாமல் போய், இன்றைக்கும் அந்தப் பேச்செடுத்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

தெருப் பலுவாகனில் ஆள் ஓடமாட்டான் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். 2009 செப்டம்பர் 26, ஒண்டோய் புயல். மணிலா வட்டாரத்தில் 24 மணி நேரத்தில் 455 மில்லிமீட்டர் மழை. மரிக்கினா ஆறு ஊருக்குள் வந்தது. இங்கே பிறந்த குழந்தைக்குக்கூட ஆற்றின் அளவு தெரியும்: 15 மீட்டரில் முதல் அபாயச் சங்கு, 16இல் இரண்டாவது, 18இல் வீட்டைவிட்டு வெளியேறு. அன்று என் மாமனார் மாமியார் கூரைமேல் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் அப்போது இந்த வீட்டு மருமகன் இல்லை, சொல்லக் கேட்டதுதான். மூங்கில் குழாய் உண்டியல், மெத்தைக்கு அடியில் இருந்த நோட்டுகள், காலண்டர் எல்லாம் போயின. தண்ணீர் வடிந்து சேறு வாரிக்கொண்டிருந்த மூன்றாம் வாரம், பலுவாகன்காரர்கள் கோயில் வாசலில் கூடி, யாருக்கு எந்த எண் என்று நினைவில் இருந்தே மறுபடி எழுதினார்களாம். ஒரு எண்ணில்கூடச் சண்டை வரவில்லை. அக்டோபர் எண்காரருக்கு நவம்பர் கடைசியில் முழுத் தொகையும் போனது. ஐந்நூறும் இருநூறுமாக.

இதை மாமியார் சொல்லும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜ்தானே?


கப்பல்காரன் எழுதியது:

தூத்துக்குடிக்காரன், பதினெட்டு ஆண்டாகக் கப்பலில். எந்தக் கப்பலில் ஏறினாலும் பாதிப் பேர் பிலிப்பினோக்கள். அவர்களுடைய வீட்டை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போகிற பணத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிலிப்பைன்ஸ் கப்பல் ஊழியரின் ஒப்பந்தத்திலேயே அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 80 விழுக்காட்டை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கும். அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பணம் மனைவி அல்லது அம்மா பெயருக்குப் போய்விடும். துறைமுகத்தில் இறங்கும்போது இவன் கையில் இருப்பது மீதிதான். 2023இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அந்நாட்டுக்கு அனுப்பியது 3,300 கோடி டாலருக்கு மேல். அந்தப் பெரிய எண்ணை விடுங்கள். என்னோடு ஓடிய ஒரு மோட்டார் அறைக்காரனின் சின்னக் கணக்கைச் சொல்கிறேன். அவன் மூத்த பிள்ளை. ஒரு தங்கை செவிலியர் படிப்பு, ஒரு தம்பி கணக்குப் படிப்பு, அப்பாவுக்கு டயாலிசிஸ், ஊர்த் திருவிழாவுக்கு ஒரு பன்றி. இதெல்லாம் போகத் தனக்காக அவன் சேமித்தது ஒரு அட்டைப் பெட்டியில் இருந்தது.

ஆம், பெட்டிதான். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சோப்புக் கட்டு, ஒரு சாக்லேட் பை, ஒரு டப்பா இறைச்சி, யாருக்கோ ஒரு ஜோடிச் செருப்பு என்று வாங்கிப் போட்டுக்கொண்டே வருவான். பெட்டி நிறைந்ததும் பட்டை ஒட்டி அனுப்பிவிடுவான். இதே சோப்பு உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்குமே என்று ஒரு தடவை கேட்டேன். “கிடைக்கும். ஆனால் பணமாக அனுப்பினால் மின்சாரக் கட்டணத்துக்குப் போய்விடும். சோப்பாக அனுப்பினால் சோப்பாகவே போய்ச் சேரும்” என்றான்.

தவாவ் டாக்டர் அம்மாவின் ஷாம்பூப் பொட்டலமும் என் ஆளின் பெட்டியும் ஒரே கதை என்று எனக்குத் தோன்றுகிறது.


ஓர்ட்டிகாஸ் புதியவன் எழுதியது:

உருக்கமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உருக்கம் வட்டி தராது. அரசு வீட்டுநிதியான பக்-இபிக்கில் எம்.பி.2 என்று ஒரு சேமிப்பு இருக்கிறது. குறைந்தது 500 பெசோ போட்டால் போதும், ஐந்து ஆண்டு. 2024க்கு அறிவித்த ஈவு 7.10 விழுக்காடு, வரி கிடையாது. வங்கிகளும் 2018 முதல் 100 பெசோவுக்குள் தொடங்கும் அடிப்படைக் கணக்கு தருகின்றன. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. இவ்வளவு வழி இருக்க, மாமியாரின் காலண்டர் எதற்கு?


மகாட்டிக்காரி எழுதியது:

புதியவன் தம்பி, எம்.பி.2 என்னிடமும் இருக்கிறது, என் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரியிடமும் இருக்கிறது. அவள் எதற்காகப் போட்டாள் என்று கேட்டுப் பார். 7.10 விழுக்காட்டுக்காக இல்லை. அது பூட்டு என்பதற்காக.

இந்த ஊர் வீட்டில் உத்தாங், அதாவது கைமாற்று கேட்டு வருகிற ஒன்றுவிட்ட தம்பிக்கு இல்லை என்று சொல்வது நாகரிகம் இல்லை. கையில் வைத்துக்கொண்டு இல்லை என்பது பாவம். ஆனால், “இருக்கிறது, எடுக்க முடியாது” என்று சொல்லலாம். அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை. சம்பளத்தில் இருந்தே பிடித்து ஐந்து ஆண்டுக்கு அடைத்துவிட்டால் அவளால் உண்மையாகவே எடுக்க முடியாது, பொய் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. உடைத்தால்தான் திறக்கும் உண்டியல், தன் மாதம் வரும்வரை கை வைக்க முடியாத பலுவாகன், பட்டை ஒட்டிய பெட்டி, எல்லாம் அதே பூட்டுதான். தன்னிடம் இருந்தே தன் பணத்தை ஒளித்து வைக்கிற சாமர்த்தியம். நாம் திருடனுக்குப் பயந்து பூட்டுகிறோம், இவர்கள் சொந்தக்காரர்கள் மேல் இருக்கும் பிரியத்துக்குப் பயந்து பூட்டுகிறார்கள்.

அடுத்து, ஞாயிற்றுக்கிழமை. மருமகன் அண்ணா 22,300 என்று ஒரு எண்ணைக் காட்டிப் பயமுறுத்திவிட்டார். ஆண்டின் மற்ற ஐம்பத்தொரு ஞாயிறுகளுக்கு இவர்கள் என்ன செலவழிக்கிறார்கள் என்று பாருங்கள். நான் எட்டு ஆண்டாக ஒரு குடும்பத்தின் மாடியில் குடியிருக்கிறேன். கூப்பிட்டால் மறுக்காமல் போகிறவள். காலையில் பெரிய அங்காடி வளாகத்தின் உள்ளேயே பூசை நடக்கும். சாமியும் கும்பிடலாம், குளுகுளுவென்றும் இருக்கும். பிறகு மூன்று மணி நேரம் சுற்றுவோம். வாங்குவது ஒன்றுமில்லை. வீட்டில் மின்விசிறி நின்றது, இங்கே குளிர்சாதனம் ஓசி. அதுவே சேமிப்பு என்பார் வீட்டுக்காரம்மா. 2023இல் சில வளாகங்களில் மத்திய வங்கி நாணயம் போடும் இயந்திரம் வைத்தது. வீட்டுப் பொடியன் தண்ணீர்ப் புட்டியில் சேர்த்த காசையெல்லாம் அதில் கொட்டினான். இயந்திரம் விழுங்குவதும், சந்தேகப்பட்டுத் துப்புவதும், திரையில் எண் ஏறுவதுமாக முக்கால் மணி நேரம். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவனோடு சேர்ந்து எண்ணினார்கள். அன்றைய சினிமா அதுதான். 1,386 பெசோ அம்மாவின் கைபேசிக் கணக்கில் ஏறியது. அப்படியே அம்மா கணக்கிலேயே தங்கிவிடும் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது.

சாப்பிடப் போகும்போது லோலாவைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். அன்பு ஒரு பக்கம், 2010ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் இன்னொரு பக்கம். அறுபது தாண்டியவர் சாப்பிடும் பங்குக்கு 12 விழுக்காடு வரி கிடையாது, அதற்கு மேல் 20 விழுக்காடு தள்ளுபடி. 560 பெசோ பங்கு 400க்கு வந்துவிடும். லோலாவின் அட்டையைக் கேட்டு வாங்கும் காசாளர் சில நேரம் மேசையை எட்டிப் பார்ப்பார். நிஜமாகவே ஒரு லோலா உட்கார்ந்திருக்கிறாரா என்று. அதனால் அவருக்கு வாசல் பக்கத்து நாற்காலி.

காசே இல்லாத வாரங்களில் லூனெட்டா பூங்கா. பாய், சோற்றுப் பாத்திரம், அடோபோ என்ற இறைச்சிக் குழம்பு. ஜீப்னிக்கு ஆளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் மட்டும். பின்னால் உட்கார்ந்தவரின் காசு எட்டுக் கை மாறி ஓட்டுநரிடம் போகும், சில்லறை அதே எட்டுக் கை வழியாகத் திரும்பி வரும். இதுவரை ஒரு பெசோகூடக் குறைந்து நான் பார்க்கவில்லை. மதுரைச் சீட்டு ஐயா ஜாமீன் கேட்டாரே, அந்த ஜீப்னியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.


மதுரைச் சீட்டு எழுதியது:

ஜீப்னியில் இருந்து குதித்து ஓடுகிறவன் எங்கள் ஊரில் உண்டம்மா. சரி, விளங்குகிறது. நாங்கள் மொய் நோட்டில் எழுதுவதை இவர்கள் குளத்தில் எழுதுகிறார்கள். அப்படியே இன்னொரு கேள்வி: அவசரத்துக்குக் கந்துவட்டிக்காரர் உண்டா அங்கே?


மரிக்கினா மருமகன் எழுதியது:

இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். உண்டு, அவர் நம் நாட்டுக்காரர். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும். ‘ஐந்து-ஆறு’ என்றே பெயர். மோட்டார் சைக்கிளில் தினமும் வந்து வசூலிப்பவர்களில் பஞ்சாபிகள் அதிகம். அதனால் இந்தியன் யாராக இருந்தாலும் இங்கே ‘பும்பாய்’. சேட்டை செய்கிற பிள்ளைகளைப் பும்பாய் சாக்கில் போட்டுத் தூக்கிப் போவான் என்று மிரட்டுவது வழக்கம். நான் பெண் பார்க்க முதல் தடவை இந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது இரண்டு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு குழந்தை ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்தது. அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறது. பான்சோல் இருபது பேரில் அவனும் ஒருவன். என் தட்டில் இருந்து மீன் எடுத்துத் தின்றான்.

மகாட்டிக்காரி தங்கை பூட்டைப் பற்றி எழுதியதை நேற்று இரவு மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பாதிதான் சரி என்றாள். “பூட்டினால் திறக்க ஒரு நாள் வேண்டும். திறக்கிற அன்று எல்லாரும் இருக்க வேண்டும். நான் மட்டும் தனியாகத் திறந்து ஃப்ரிட்ஜ் வாங்கினால், அடுத்த வருஷம் எனக்காக யார் மாதா மாதம் இரண்டாயிரம் எடுத்து வைப்பார்கள்?” என்றாள். சீட்டில் கட்டுகிறவர்கள் தங்களுக்காகத்தானே கட்டுகிறார்கள் என்று வாதாடினேன். பதில் சொல்லாமல் விளக்கை அணைத்தாள்.

ஃப்ரிட்ஜுக்கும் அவளிடம் திட்டம் இருக்கிறது. பதின்மூன்றாம் மாதச் சம்பளம். 1975இல் போட்ட அரசாணை. டிசம்பர் 24க்குள் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் டிசம்பர் என்றால் ஞானப்பிள்ளைகள் வருவார்கள். அவள் பதினான்கு குழந்தைகளுக்கு நினாங், அதாவது ஞானத்தாய். கிறிஸ்துமஸ் காலையில் வரிசையாக வந்து அவள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றி, “மனோ போ” என்று சொல்லிவிட்டு, கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் அனுபவத்தில் ஃப்ரிட்ஜின் கதவு வரைக்கும் வாங்கப் பணம் மிஞ்சும்.


தவாவ் பழைய மாணவி எழுதியது:

நவம்பர் ஒன்றாம் தேதியை யாரும் சொல்லவில்லையே. எனக்குப் பிடித்த பிலிப்பைன்ஸ் சுற்றுலா கடற்கரையும் இல்லை, மலையும் இல்லை, கல்லறைத் தோட்டம்தான். லோலா வீட்டோடு இரண்டு தடவை போயிருக்கிறேன். காலையிலேயே பையன்கள் போய்க் கல்லறையைத் தேய்த்து வெள்ளை அடித்துவிடுவார்கள். மாலையில் கூடாரம், மடக்கு நாற்காலி, மெழுகுவர்த்தி, நூடுல்ஸ் பாத்திரம், சீட்டுக்கட்டு. லோலோ, அதாவது தாத்தாவின் கல்லறைமேலேயே ஒரு தட்டுச் சோறு. பக்கத்துக் கல்லறைக் குடும்பத்தோடு ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் சந்திக்கிற சிநேகம். போன வருஷம் வயிற்றில் இருந்த குழந்தை இந்த வருஷம் நடக்கிறதா என்று விசாரிப்பார்கள். குழந்தைகள் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டி உருண்டையாக்குவார்கள். பெரிய உருண்டை யாருடையது என்று போட்டி. வாசலில் மெழுகுவர்த்தி விற்பவரிடம் அந்த உருண்டையை எடைக்குப் போட்டுக் காசு வாங்கலாம். அதையும் சேமிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் மருமகன் அண்ணா.


கப்பல்காரன் எழுதியது:

என் மோட்டார் அறைக்காரன் நவம்பர் ஒன்றுக்கு விடுப்புக் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், கைபேசித் திரையில் தன் அப்பாவின் கல்லறையைப் பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான் ஒரு வருஷம். டயாலிசிஸ் கணக்கு அந்த ஆண்டோடு முடிந்திருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பணம் ஒரு உறவுப் பையனின் படிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.


ஓர்ட்டிகாஸ் புதியவன் எழுதியது:

ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. இந்தச் சனிக்கிழமை எனக்குப் பிறந்தநாள். இங்கே பிறந்தநாள்காரன்தான் மற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டும் என்பது தெரியும், அதனால் அலுவலகத்தில் மூச்சு விடவில்லை. ஆனாலும் எப்படியோ தெரிந்துவிட்டது. மதியம் எழுந்து போய்விட்டு வந்தால் என் மேசைமேல் ஒரு அலுமினியத் தட்டு நிறைய நூடுல்ஸ். நீளமாக இருந்தால் ஆயுசும் நீளுமாம், வெட்டாமல் தின்னச் சொன்னார்கள். தேதி 28. பெட்சா தே பெலிக்ரோ. யார் பணம் போட்டார்கள் என்று விசாரித்தேன். எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

எம்.பி.2 பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை. அது நல்ல திட்டம்.

மருமகன் சார், அடுத்த ஜனவரியில் உங்கள் தெருப் பலுவாகனில் இடம் இருக்குமா? வெளித்தெருக்காரனைச் சேர்ப்பார்களா? சும்மா கேட்கிறேன்.


மரிக்கினா மருமகன் எழுதியது:

மாமியாரிடம் கேட்டேன். குளிக்கப் போய்க்கொண்டிருந்தவர் நின்று மூன்று கேள்வி கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிடுவானா? வருவான் என்று நானாகச் சொல்லிவிட்டேன். வந்தால் கையை எடுத்து நெற்றியில் ஒற்றுவானா, இல்லை பும்பாய் மாதிரி கும்பிட்டுவிட்டு நிற்பானா?

கடைசிக் கேள்விக்கு நீங்களே வந்து பதில் சொல்லுங்கள் தம்பி. உங்களுக்குப் பன்னிரண்டாம் எண். பணம் டிசம்பரில்தான் வரும். வரும்போது பசலுபோங் மறக்க வேண்டாம், பனிக்கட்டி போட்ட இனிப்பு எதுவும் வேண்டாம், எங்கள் வீட்டில் அதை வைக்க இடமில்லை.